பேஸ்மென்றில் கட்டிய மலைவீதி

மனைவியும் நானும் பிரிந்த அடுத்த மாதம், நகரின் கிழக்கோரம் ரூஜ் பக்கத்தில், ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்றுக்குக் குடிவந்தேன். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கொண்டுவந்தவை இரண்டு சூட்கேஸ், ஒரு கணினி, கார்ப் பந்தய விளையாட்டுக்கான ஒரு ஸ்டியரிங், அதற்குரிய பெடல்கள். ஸ்டியரிங்கைப் பார்த்த வீட்டுக்கார அன்ரி, "தம்பிக்குக் கார் திருத்திற வேலையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்ரிக்கு எழுபது இருக்கும். அவருடைய கணவர், அங்கிள், மறதி நோயால் மூன்று வருடமாக ஒரு பராமரிப்பு நிலையத்தில் இருந்தார். ஒரே மகன் தூரத்தில், கல்கரியில். தினமும் பதினொரு மணிக்கு அன்ரி சாப்பாட்டுப் பெட்டியோடு காரை எடுத்துக்கொண்டு போவதும், நான்கு மணிக்குத் திரும்பி வருவதும் என் தலைக்கு மேலே கேட்கும். கராஜ் கதவு திறக்கும், மூடும். பிறகு செருப்புச் சத்தம் குசினிப் பக்கம் போகும், பாத்திரங்கள் தட்டுப்படும். அந்தச் சத்தங்களை வைத்தே நான் நேரம் பார்க்கப் பழகியிருந்தேன்.

என் வேலை வீதி வரைவது. புதிதாகக் கட்டும் குடியிருப்புகளுக்குள் போகும் வீதிகளை ஒரு பொறியியல் நிறுவனத்துக்காகக் கணினியில் வரைகிறேன். இந்த ஊர் நிலம் தட்டை. மழைத்தண்ணீர் ஓடிப்போக வீதியின் நடுவைக் கொஞ்சம் உயர்த்தி இரண்டு பக்கமும் சரிப்போம். இருபது வருடத்தில் நான் வரைந்த ஏற்றம் அவ்வளவுதான். பெருந்தொற்றுக் காலத்தில் எங்களை வீட்டுக்கு அனுப்பிய அலுவலகம் பிறகு திரும்பக் கூப்பிடவே இல்லை. காலையில் கமெராவை மூடியபடி ஒரு கூட்டம். "குட் மோர்னிங்" என்பேன், முடிவில் "தாங்ஸ்" என்பேன். அந்த இரண்டையும் தவிர என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராமல் பொழுதுபட்ட நாட்கள் உண்டு.

அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கைபேசியில் விரலால் தட்டுகிற வகை அல்ல. காரின் நிறை, டயரின் பிடி, வீதியின் மேடுபள்ளம் எல்லாவற்றையும் கணக்கிட்டு ஸ்டியரிங் வழியாகக் கைக்குள் உணரவைக்கும் சிமுலேஷன். ஆரம்பத்தில் நானும் இணையத்தில் மற்றவர்களோடு ஓடினேன். இருபது கார்கள் ஒன்றாகப் புறப்படும். முதல் வளைவிலேயே யாராவது இடித்துத் தள்ளிவிடுவார்கள். காதுக்குள் முன்பின் தெரியாத குரல்கள் ஏசும். ஒருநாள் இடிபட்டதும் நான், "சொரி" சொன்னதும் நான். அன்றோடு விட்டேன்.

பிறகுதான் மலையேற்றப் பந்தயம் என்று ஒன்று இருப்பதை அறிந்தேன். அடிவாரத்தில் தொடங்கி உச்சியில் முடிகிற ஒரு வீதி. ஒரு நேரத்தில் ஒரு கார். முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை, கடிகாரம் மட்டும். என்னைப் போன்றவனுக்காகவே யாரோ யோசித்து வைத்தது போல இருந்தது. ஆனால் என்னுடைய விளையாட்டில் அப்படி ஒரு வீதி கிடையாது. இருந்தவை எல்லாம் சுற்றிச் சுற்றி வரும் தடங்கள். விரும்பினால் நாமே புதிய தடம் செய்து அதில் சேர்க்கலாம். வீதி வரைவது என் தொழில்தானே, செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது.

ஆல்ப்ஸ் மலையில் ஒரு சிறு வீதியைத் தேர்ந்தேன். நான் போயிராத இடம்; போகும் எண்ணமும் இல்லை. எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் நில உயரத் தரவை இறக்கி, அதன்மேல் நடுக்கோட்டை இழுத்தேன். ஏழு கிலோமீற்றர், இருபத்தாறு வளைவுகள். ஏதோ ஒரு கோடைகால மத்தியானம் அந்த வீதியால் கமெரா பூட்டிய கார் ஒன்று போயிருந்தது. அந்தப் படங்களை இணைய வரைபடத்தில் பார்த்துப் பார்த்து மதில், மரம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்தேன். வேலை முடிந்ததும் அங்கே போய்விடுவேன். எந்த வளைவில் எந்த மரத்தின் நிழல் விழும் என்று எனக்குத் தெரியும். நான் குடியிருந்த தெருவில் மூன்றாவது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

முதல்முறை ஓடியபோது கார் தவளை மாதிரித் துள்ளியது. உயரத் தரவு படிப்படியாக இருந்ததால் வீதியே ஒரு படிக்கட்டாக வந்திருந்தது. அதைச் சீராக்க இரண்டு மாதம் எடுத்தது. அதைவிடப் பெரிய கரைச்சல், எந்த வீதியும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் என்று அந்த விளையாட்டு நம்பியிருந்தது. உச்சியைத் தாண்டிய பின்னும் கடிகாரம் நிற்காது. நான் சுற்றி வருவேன் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். தொடக்கத்துக்கு ஒரு கோடு, முடிவுக்கு வேறொரு கோடு என்று அதற்கு விளங்கவைக்க நான் பட்ட பாட்டைக் கேட்க ஆள் இருக்கவில்லை. கடிகாரம் முதல்முறையாக உச்சியில் நின்ற அன்று கதிரையிலிருந்து எழுந்து நின்றேன். மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அவள் ஹலிஃபக்ஸில் படித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு இதயம் ஒன்று திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுத்தபோது, "கூல், அப்பா. ஆனா வெளிய கொஞ்சம் போங்கோ, ஓகே?" என்றாள். ஓம் என்றேன்.

இப்படிச் செய்பவர்கள் பகிர்ந்துகொள்ளும் தளம் ஒன்றில் வீதியை ஏற்றிவிட்டேன். சிலர் இறக்கினார்கள். ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

ஒக்ரோபரில் ஒருநாள், மாலை ஐந்து மணி இருக்கும், பேஸ்மென்ற் கதவில் தட்டல் கேட்டது.

"தம்பி, ஃபேர்னஸ் பழுதோ? துவாரத்துக்குள்ளால ஒரே இரைச்சல் வருது."

"இல்லை அன்ரி. அது கார்ச் சத்தம்."

"காரோ? பேஸ்மென்றுக்கையோ?"

ஒலியைக் குறைத்திருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். ஃபேர்னஸிலிருந்து சூடுகாற்று வரும் துவாரம் வழியாக இயந்திரம் உறுமுவது மேலே குசினிவரை போயிருக்கிறது. வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டு, காரணம் காட்ட ஸ்கிரீனைத் திருப்பினேன். அன்ரி உள்ளே வந்து, என் ஒரே கதிரையில் இருந்து, மலையைப் பார்த்தார்.

"உது எங்கத்தை றோட்டு?"

சொன்னேன். நான் செய்தது என்றும் சொன்னேன்.

"நீரோ? முழுக்கவோ?" கொஞ்ச நேரம் பார்த்தார். "வடிவா இருக்கு. ஆனா ஒரு குருவியும் இல்லை."

அடுத்த கிழமை உடுப்புத் துவைக்க வந்தவர், மெசின் சுற்றி முடியும்வரை என் அறை வாசலில் நின்றார். அதற்கடுத்த கிழமை, "நானும் ஒருக்கா ஓடிப் பாக்கட்டே?" என்று கேட்டார்.

"ஓடுங்கோ அன்ரி."

"ஹைவே ஒருநாளும் எடுக்காத ஆள் நான், சொல்லிப்போட்டன்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பெடல் எட்டவில்லை, செருப்பைக் கழற்றி, கதிரையின் நுனிக்கு வந்தார். மணிக்கு இருநூறு போகும் காரை முப்பதில் ஏற்றினார். முதல் வளைவுக்கு முன்னால் விரலால் எதையோ தேடினார்.

"சிக்னல் எங்க?"

"சிக்னல் இல்லை அன்ரி. ஒருத்தரும் வரமாட்டினம்."

"ஆர் கண்டது?" என்றார்.

ஏழு கிலோமீற்றரையும் அவர் அப்படியே ஏறினார். மதில் வந்தால் மதிலைப் பற்றிக் கேட்டார். தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, தண்ணீர் ஏன் அசையவில்லை என்றார். நான் நான்கு நிமிடத்தில் ஏறும் வீதி அவருக்கு இருபது நிமிடம் எடுத்தது. முடிவுக்கோட்டில் கடிகாரம் நின்றது. "நல்லாச் செய்தனீங்கள் அன்ரி" என்று நான் சொல்லி முடிக்குமுன், அவர் நிறுத்தாமல் தொடர்ந்து போனார். கோட்டிலிருந்து முப்பது மீற்றருக்கு அப்பால் நான் ஒன்றும் செய்திருக்கவில்லை. வீதி வெட்டியதுபோல் முடிந்தது. கார் அந்த விளிம்பைத் தாண்டி, சாம்பல் நிற வெறுமைக்குள் விழத் தொடங்கியது.

"ஐயோ தம்பி, விழுந்திட்டன்!" ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். "இன்னும் விழுந்துகொண்டு போறன். அடி எங்க?"

"அடி இல்லை அன்ரி. இந்தப் பொத்தானை அமத்துங்கோ, திரும்பக் கீழ வந்திடுவியள்."

அமத்தினார். கார் மறுபடி அடிவாரத்தில் நின்றது. அன்ரி சிரிக்கவில்லை.

"ஏறின ஆக்கள் என்னெண்டு இறங்கிறது?"

"இது ஏறுறதுக்கு மட்டும்தான் அன்ரி."

"அங்க போய் நிக்க ஒரு இடமும் இல்லை, திரும்பி வரவும் ஏலாது. அப்ப ஏன் தம்பி ஏறுவான்?"

உடுப்பை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அந்த விளையாட்டைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், வேலைக்கு நடுவில், அந்த மலை உச்சியின் படங்களைத் தேடத் தொடங்கினேன். உச்சியில் கார்கள் நிறுத்த ஒரு திடல் இருந்தது. அதன் ஓரத்தில் சாத்திக் கிடந்த ஒரு சாப்பாட்டுக்கடை. மறுபுறம் பள்ளத்தாக்கு. ஆறேழு மாதமாக அந்த மலையில் வேலை செய்திருக்கிறேன். அங்கே போய் நின்று என்ன தெரியும் என்று ஒருதடவையும் பார்த்ததில்லை.

குளிர்காலம் முழுக்க உச்சியைக் கட்டினேன். அன்ரி வியாழக்கிழமைகளில் உடுப்போடு வருவார். அங்கிளைப் பற்றிக் கேட்டால் சுருக்கமாகச் சொல்வார். "இண்டைக்குச் சாப்பிட்டவர்." "இண்டைக்கு என்னை ஆரோ நேர்ஸ் எண்டு நினைச்சு தாங்ஸ் சொன்னார்." ஒருதடவை திடலைக் காட்டியபோது, "களைச்சுப்போய் வாற ஆக்கள் இருக்க ஒரு வாங்கு போடும்" என்றார். காரை விட்டு யாரும் இறங்க முடியாத விளையாட்டு அது. ஆனாலும் இரண்டு பேர் இருக்கக்கூடிய வாங்கு ஒன்று செய்து, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி வைத்தேன்.

பெப்ரவரியில் அங்கிள் இறந்துபோனார். அன்று மேலே கேட்ட காலடிகளை எண்ணவே முடியவில்லை. கல்கரியிலிருந்து மகன் வந்தார். செத்தவீட்டு மண்டபத்தில் அன்ரி என்னை யாருக்கோ, "பேஸ்மென்றில இருக்கிற தம்பி" என்று அறிமுகப்படுத்தினார். அது சரிதான், வேறு என்ன சொல்வது? நான் ஓரமாக ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டுப் பனிக்குள் வெளியே வந்தேன். அதன் பிறகு பதினொரு மணிக்குக் கராஜ் கதவு திறக்கவில்லை. நான்கு மணிக்கு மூடவும் இல்லை. வியாழக்கிழமை உடுப்பு மெசின் பேசாமல் கிடந்தது. இரண்டு தடவை படியேறிப்போய்க் கதவைத் தட்டினேன். "வாரும், தேத்தண்ணி குடியும்" என்பார். குடித்துவிட்டு வருவேன்.

மார்ச் கடைசியில் அன்ரியின் மகன் கல்கரியிலிருந்து தொலைபேசியில் சொன்னார், "அண்ணை, அம்மாவை இங்க கூட்டிக்கொண்டு வாறம். வீட்டை விக்கப்போறம். உங்களுக்கு வேண்டிய நேரம் தருவம்." நல்ல மரியாதையாகத்தான் சொன்னார். முற்றத்துப் பனி கரைந்த அன்று அங்கே விற்பனைப் பலகை நட்டார்கள்.

அதே நாட்களில்தான் உச்சியோடு கூடிய புதிய வீதியைத் தளத்தில் ஏற்றினேன். இந்தத் தடவை ஒருவர் எழுதினார். போர்த்துக்கல்காரர். தன் ஊரில் மலையேற்றப் பந்தயங்களில் வளைவில் நின்று கொடி காட்டிய ஆள் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். "உச்சியில் நிற்க இடம் வைத்திருக்கிறீர்கள். மற்றவர்கள் ஒருவரும் வைப்பதில்லை" என்று எழுதியிருந்தார். உண்மையான பந்தயத்தில், மேலே போன கார்கள் கடைசிக் கார் வரும்வரை அங்கேயே காத்திருக்குமாம். பிறகு எல்லாம் வரிசையாக, மெதுவாக, ஒன்றாக இறங்குமாம். "நாங்களும் அப்படி ஒருமுறை செய்வோமா?" ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் நேரம் பிற்பகல் இரண்டு மணி என்று முடிவாயிற்று. அன்ரியிடம் சொன்னேன். "பாக்க வாறன்" என்றார்.

அந்த ஞாயிறே வீட்டைப் பார்க்க ஆட்கள் வரும் நாளாகவும் அமைந்துவிட்டது. வீடு விற்கும் முகவர் அன்ரியை இரண்டு மணித்தியாலம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். நான் கீழே இருக்கலாம், ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள் என்றார். பந்தயத்தைத் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒன்பது கார்கள் வந்தன. பெரிய தொகை இல்லை. ஆனால் என் மலை அடிவாரத்தில் என்னைத் தவிர எட்டுக் கார்கள் வரிசையில் நிற்பதை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். வீதியைச் செய்தவர் கடைசியில் ஓடவேண்டும் என்று போர்த்துக்கல்காரர் சொல்லிவிட்டார். ஒவ்வொன்றாகப் போயின. மேலே போய்ச் சேர்ந்தவர்களின் குரல்கள் காதுக்குள் கேட்டன. ஆங்கிலம்தான், ஆளுக்கொரு விதமாக. ஒருவர் தன் ஊரில் மழை என்றார். இன்னொருவர் பிள்ளை நித்திரை, சத்தமாகக் கதைக்க முடியாது என்றார். அவர்கள் என்னைப் பற்றிக் கதைக்கவில்லை. வீதியைப் பற்றிக்கூட அதிகம் கதைக்கவில்லை. அயலவர்கள் மாதிரி நின்று கதைத்தார்கள்.

என் முறை வந்து, ஒலிபெருக்கியில் இயந்திரம் உறுமத் தொடங்கியபோது கதவு திறந்தது. முகவர், அவருக்குப் பின்னால் ஒரு இளம் தம்பதி, அந்தப் பெண்ணின் தோளில் கைக்குழந்தை.

"அண்ணை, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கேலுமோ? ஆக்கள் பாக்கினம்."

ஒரு பக்கத்து ஹெட்ஃபோனைத் தூக்கி, "நாலு நிமிசம்" என்றேன். காரை எடுத்தேன். அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் கூரையின் உயரத்தைப் பற்றியும், இங்கே இன்னொரு குளியலறை போடலாமா என்றும் கதைத்தார்கள். பத்தொன்பதாவது வளைவு, நானே கல் கல்லாக மதில் வைத்த வளைவு, அதில் போய் மோதினேன். குழந்தை சிரித்தது. உச்சிக்குப் போனபோது நேரக் கணக்கில் ஒன்பதில் நான் எட்டாவது. காதுக்குள் கைதட்டிச் சிரித்தார்கள். "செய்த ஆளுக்கே வழி தெரியவில்லை" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். அந்தப் பேஸ்மென்றில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். திரும்பிப் பார்த்தேன், தம்பதி மேலே போய்விட்டிருந்தார்கள்.

அந்தச் சாத்திய கடை என்ன கடை என்று யாரோ கேட்டார். தெரியாது, நான் அங்கே போனதில்லை என்றேன். எங்களில் ஒருவரும் போனதில்லை என்று தெரியவந்தது. ஒன்பது காரையும் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி திருப்பி நிறுத்தினோம். பிறகு விளக்குகளைப் போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக இறங்கினோம். அடிவாரத்தில் ஒவ்வொருவரும் ஹோர்ன் அடித்துவிட்டு மறைந்தார்கள். இந்த விளையாட்டில் ஒருவர் வெளியேறினால் கார் ஓட்டத்தில் மறைவதில்லை. நின்ற இடத்திலேயே இல்லாமல் போய்விடும். கடைசியாகப் போர்த்துக்கல்காரர் போனார். வீதி பழையபடி மத்தியான வெயிலில் கிடந்தது.

நான்கரைக்கு அன்ரி வந்தார். மேற்சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அன்ரி. எல்லாரும் போயிட்டினம்."

"நான் கடைப் பிளாசாவில காரை விட்டிட்டு அதுக்குள்ளையே இருந்தனான். எங்க போறதெண்டு தெரியேல்லை." சுற்றிவரப் பார்த்தார். "சப்பாத்தோட நடந்திருக்கினம்."

கதிரையை அவருக்குக் கொடுத்து, நான் கட்டிலில் இருந்தேன். அவர் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. "மூண்டு வருசமா ஒவ்வொரு நாளும் போனன் தம்பி. பதினொண்டுக்கு இப்பவும் கால் கராஜுக்குப் போகுது" என்றார். வெளிச்சம் சின்ன யன்னலில் குறையும்வரை இருந்துவிட்டு, "உமக்கும் சமைக்க வேணும்" என்று எழுந்து போனார்.

ஜூனில் வீடு கைமாறியது. நான் அதே நகரில், அஜின்கோர்ட்டில் ஒரு மாடிக் கட்டடத்தின் பதினாலாம் தளத்துக்குப் போனேன். புறப்படும்போது அன்ரி பனி அள்ளும் சவளை என் கையில் தந்தார். "புதுசு, வீணாப் போகக் கூடாது." பதினாலாம் மாடியில் அதற்கு வேலை இல்லை. வாங்கிக்கொண்டேன். அவர் கல்கரிக்குப் போன அன்று விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஹைவேயில் வழி முழுக்க கார் யன்னலுக்கு மேலிருந்த பிடியைப் பிடித்தபடி இருந்தார். வாசலில் மகனுடைய நண்பர் ஒருவர் பெட்டிகளை எடுக்க நின்றார். எனக்குக் கையசைக்க அன்ரிக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஞாயிறு ஓட்டம் கோடை முழுக்க நடந்தது. ஒன்பது ஆறாகி, நான்காகியது. பள்ளிகள் திறந்தபின் போர்த்துக்கல்காரரும் நானும் மட்டும். அவருக்கும் வேறு வேலைகள் இருந்திருக்கும்; ஒரு ஞாயிறு வரவில்லை, அடுத்ததிலும் இல்லை. நான் குறை சொல்லவில்லை. இரண்டாவது மலை ஒன்றைத் தொடங்கினேன். இந்தத் தடவை உச்சியிலிருந்து கீழ்நோக்கி வரைகிறேன்.

நவம்பரில் அன்ரி தொலைபேசி எடுத்தார். மகன் மலைப்பக்கம் காரில் கூட்டிப்போனாராம்.

"சரியான பெரிய மலை தம்பி. எனக்குக் கழுத்து நொந்துபோச்சு. பிள்ளையள் பின்னால இருந்து ஃபோனைப் பாத்துக்கொண்டிருந்ததுகள். நான் மட்டும் பாத்தன்."

"குளிரோ அன்ரி?"

"குளிர்தான். இங்க வீட்டில எல்லாரும் காலமை போயிடுவினம். பின்னேரம்தான் வருவினம். உமக்கு அங்க ஆர் இருக்கினம்?"

"இருக்கினம் அன்ரி. ஆக்கள் இருக்கினம்."

"அது நல்லது" என்றார். இருவரும் மற்றவர் முதலில் தொலைபேசியை வைக்கட்டும் என்று காத்திருந்தோம். பிறகு யாரோ அவருடைய கதவைத் தட்டினார்கள் போல, வைத்துவிட்டார். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு லிஃப்டில் கீழே இறங்கி, ஷெப்பேர்ட் வீதியால் கடைக்கு நடந்தேன். பாணும் முட்டையும் வாங்கவேண்டியிருந்தது. கடைக்காரரிடம் வெளியே பனி தொடங்கிவிட்டது என்றேன். "ஓம் அண்ணை, இனித் தொடங்கும்தானே" என்றார் அவர்.